பத்தாம் நாள் முட்டை

முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் எடுத்து மூடிய கண்ணிமையின் மேல் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். கடைக்காரன் சிரிப்பான். மருமகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அத்த, ஆம்லெட் போடற முட்டைக்கு இன்னா ஜோசியம் பாக்கறே?" என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் வண்டவாளமும் தண்டவாளத்தில் ஏறும். ஏறட்டும், எனக்கும் வயதாகிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் ஹார்பர் மதிலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் எங்கள் ஓட்டு வீடு. வாசலில் துணி காயப்போட்டால் சாயங்காலம் கரித்தூள் படிந்து கறுத்துப்போகும். நைனா கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தார். அவர் தம்பி, என் சித்தப்பா, ஹார்பரில் கிரேன் ஓட்டினார். அம்மாவும் சித்தியும் அடுப்படியில். இத்தனை பேருக்கும் மேலே நைனாவின் அக்கா, என் அத்தை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், வந்த மறுநாளே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாளாம். அவள் பேச்சை மீறி எங்கள் வீட்டில் ஒரு பூனைகூடக் குறுக்கே போகாது.

ஒரு நாள் சித்தப்பா ஒரு மூங்கில் கூடையோடு வந்தார். ஜப்பான் கப்பல் ஒன்றில் சமையல்காரனாக இருந்தவன் கொடுத்ததாம். சரக்கு இறக்கும்போது அறுந்து விழ இருந்த மூட்டைக்கடியிலிருந்து அவனைச் சித்தப்பா இழுத்துவிட்டாராம், அந்த நன்றிக்கு. கூடைக்குள் ஒரு சேவல், இரண்டு பெட்டை. மூன்றும் புறா அளவுதான் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்பு வால். வால் நிமிர்ந்து தலைக்கும் மேலே போய் நின்றது.

கூடையைச் சாய்த்ததும் சேவல் வெளியே வந்தது. நான் வீல் என்று கத்திவிட்டேன். அதற்குக் காலே இல்லை! கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கால் இருந்தது, ஆனால் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வயிற்று இறகுக்குள்ளேயே மறைந்துகிடந்தது. அதனால் அது நடப்பதாகவே தோன்றாது, தரையோடு தரையாக நழுவி வரும். சத்தம் கேட்காது. பூனைக்காவது காலடி உண்டு. நான் உட்கார்ந்து சோழி விளையாடிக்கொண்டிருப்பேன், ஏதோ முதுகில் உறுத்துகிறாற்போல் இருக்கும், திரும்பினால் ஒரு சாண் தள்ளி அது நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். எப்போது வந்தது, எத்தனை நேரமாக நிற்கிறது, ஒன்றும் தெரியாது.

"ஐய, இன்னாடி இது! செத்துப்போன கோழி திரும்பி வந்தா மாதிரி கீது" என்றாள் எதிர்வீட்டு மீன்காரம்மா. அன்றிலிருந்து எங்கள் வாசலைக் கடக்கும்போது அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

சித்தப்பாவுக்கோ அந்தக் கோழிகள் மேல் பித்துப் பிடித்துவிட்டது. வருஷா வருஷம் தை மாதம் பெரிய பார்க்கில் பூவும் நாயும் பறவையும் வைத்துக் கண்காட்சி நடக்கும். துரைமார்களும் துரைசானிகளும் ஜமீன்தார்களும் கூண்டு கூண்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஜெயித்தவருக்கு வெள்ளிக் கோப்பை. அந்த வரிசையில் ஒரு கிரேன்காரன் கூண்டும் இருக்க வேண்டும் என்று சித்தப்பா ஆசைப்பட்டார். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வாங்கின கோழியை வைக்கக்கூடாது. அந்த வருஷம் நம் வீட்டிலேயே பொரித்து வளர்த்த ஜோடியைத்தான் வைக்க வேண்டும்.

ஆக, அடை வைக்க வேண்டும். அடை வைப்பதென்றால் எங்கள் வீட்டில் லேசுப்பட்ட காரியமில்லை. தீட்டுக்காரி நிழல் விழுந்தால் முட்டை கூமுட்டையாகிவிடும். தாலி இழந்தவள் தொடக்கூடாது. ஆம்பளை எட்டிப் பார்த்து எண்ணக்கூடாது, கண் பட்டுவிடும். இதெல்லாம் அத்தை போட்ட சட்டம். சட்டம் போட்டவள் கையே அதன்படி உதவாது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்திருக்கும். மிச்சம் இருந்தது நான்தான். இன்னும் பெரியவளாகாத பெண், சுத்தமான கை. அடைக்கோழிக்கும் முட்டைக்கும் நானே அதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் பீற்றிக்கொண்டேன்.

பின்கட்டில் கரி அறை ஒன்று இருந்தது. அடுப்புக்கரி கொட்டி வைக்கும் இருட்டறை. அதன் மூலையில் பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடி சத்தத்துக்கு முட்டை கலங்காமலிருக்க ஓர் இரும்பாணி, திருஷ்டிக்கு ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டு, எட்டு முட்டை வைப்போம். அந்தச் சின்னக் கோழியால் எட்டைத்தான் அணைக்க முடியும். ஒரு கோடு, இரண்டு கோடு என்று எட்டு கோடு வரைக்கும் முட்டைகளின் மேல் கரியால் போட்டு வைத்தேன்.

பத்தாம் நாள் முட்டை பார்க்க வேண்டும். கரி அறையின் கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது. காலை பத்து மணி சுமாருக்கு அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பு போல இறங்கும். கதவைச் சாத்திவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட அட்டையை அந்த வெயிலில் பிடித்து, ஓட்டையின் மேல் முட்டையை வைத்தால் உள்ளே இருப்பது தெரியும். முதல் தடவை பார்த்ததை நான் மறக்கவில்லை. முட்டை முழுக்கச் சிவப்பு நரம்பு. நடுவில் கறுப்பாக ஒன்று. அதில் ஒரு கண். நான் மூச்சு விட்டதும் அது துள்ளியது. நான் அதைப் பார்த்ததுபோல அதுவும் என்னைப் பார்த்துவிட்டது என்றே நினைத்தேன்.

சில முட்டைகளில் அது இருக்காது. ஒரு சிவப்பு வளையம் மட்டும் ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே ஒன்றும் இராது. அதை நான் மோதிரம் என்பேன். முதல் அடையில் எட்டில் இரண்டு மோதிரம். இரண்டாம் அடையில் மூன்று. அடுத்ததில் மறுபடி இரண்டு. முட்டையையும் மாற்றிப் பார்த்தோம், கோழியையும் மாற்றிப் பார்த்தோம். மோதிரம் மட்டும் தவறாமல் வந்தது.

"எவளோ வந்து கணக்கா எடுத்துகினு போறா மாதிரி கீது" என்று அத்தை முணுமுணுத்தாள். சொல்லும்போது கண் அடுப்படிப் பக்கம் போனது.

அடுப்படியில் சித்தி இருந்தாள். காசிமேட்டுப் பெண். அதிகம் பேசமாட்டாள், எனக்குத் தலை பின்னினால் மட்டும் வாய் ஓயாது. அவள் மூன்று முறை பிள்ளை பெற்றாள், மூன்றும் தங்கவில்லை. ஒன்று பிறக்கும்போதே அசைவில்லாமல் வந்தது. ஒன்று இரண்டு நாள். கடைசி ஒன்று பதினோரு நாள் இருந்தது. அதற்கப்புறம் அத்தை அவளை மஞ்சள் இடிக்கவிடுவதில்லை, ஊறுகாய் ஜாடியைத் தொடவிடுவதில்லை. கரி அறைப் பக்கம் அவள் வரவே கூடாது.

வந்தாள். மூன்றாவது அடையின் பத்தாம் நாள், நான் கதவைச் சாத்தப் போனபோது உள்ளே நுழைந்து என் பக்கத்தில் குந்தினாள். எனக்குத் திக் என்றது. "காட்டு கண்ணு" என்றாள். முட்டையை எடுத்தாள், கண்ணை மூடினாள், இமையின் மேல் வைத்தாள். வைத்து, எங்கேயோ தூரத்தில் பேசுவதைக் கேட்கிறவள் போல அப்படியே இருந்தாள். ஒவ்வொன்றாக எட்டையும் பார்த்து, இரண்டை மட்டும் தனியாக வைத்தாள்.

"இது வராது. இதுவும் வராது."

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் மோதிரம். மற்ற ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன.

"எப்பிடி சித்தி?"

"உசுரு இருந்தா சூடு கீதுல்ல. இது ரெண்டும் சில்லுனு கீது. அவ்ளோதான்."

நானும் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவள் அந்த இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குழி தோண்டி, மஞ்சள் தூவி, மூடினாள். மூடிவிட்டுத் தட்டிக்கொடுத்தாள், தொட்டில் பிள்ளையைத் தட்டுவதுபோல. வாயை மூடிக்கொண்டே ஏதோ பாடினாள். பட்டப்பகல், ஹார்பரில் சங்கு ஊதுகிறது, எதிர்வீட்டில் மீன் வறுபடும் வாசனை. ஆனாலும் எனக்குப் பயத்தில் பல் கிட்டியது. எது செத்தது என்று இவளுக்குத் தெரிகிறதா, இல்லை இவள் தொட்டதால் சாகிறதா? அத்தையின் பேச்சு என் காதிலும் ஏறியிருந்தது. சித்தி மேல் எனக்கு உயிர். இருந்தும் அப்படி நினைத்தேன்.

பொரித்த குஞ்சுகளிலும் ஒரு தொல்லை. எல்லாமே குட்டைக்காலாக வருவதில்லை. சில குஞ்சுகள் சாதாரணக் கோழி மாதிரி நீளக் காலோடு வந்தன. சித்தப்பா அவற்றைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். "நெட்டக்காலு, சீ, ஜாதி கெட்டுப்போச்சு" என்பார். ஓரளவு வளர்ந்ததும் நெட்டைக்கால் எல்லாம் குழம்புக்குப் போயின. நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்று அடையிலும் சித்தப்பா நினைத்த மாதிரி ஒரு ஜோடி அமையவில்லை. ஒன்றுக்கு வால் கோணல், ஒன்றைக் காக்கை தூக்கியது. தை மாதத்துக்குள் வளர வேண்டுமானால் ஆடியில் வைக்கும் அடைதான் கடைசி. அதை வைத்த அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிடும்போது, சித்தி ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அத்தை ஆரம்பித்தாள்.

"இந்தத் தபா எட்டும் வந்துச்சுன்னா அவ இருக்கட்டும். ரெண்டு போச்சுன்னா, தம்பி, நீயே இட்டுகினு போய் காசிமேட்டுல வுட்டுட்டு வந்துடு. வூட்ல வர்ற உசுர எல்லாம் முழுங்கறவள வெச்சுகினு இன்னா பண்றது? ஆவணில வேற பொண்ணு பாத்துக்கலாம்." பிறகு சித்தி பக்கம் திரும்பி, "வயித்துல இன்னாச்சும் கீதா? இருந்தா இப்பவே சொல்லு. புள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட வுடமாட்டேன், அவ்ளோ பாவி இல்ல நானு" என்றாள்.

சித்தி கரண்டியை ரசத்தில் விட்டுக் கலக்கினாள். "இல்ல" என்றாள்.

நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டார், அதோடு சரி. சித்தப்பா தட்டைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கிரேனில் ஏறி அத்தனை பெரிய மூட்டையைத் தூக்குகிறவருக்கு அக்காவுக்கு எதிரில் வாய் மட்டும் எழும்பாது. சித்தி அடுத்த தட்டுக்கு ரசம் ஊற்றப் போனாள்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அத்தை அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் கோயிலுக்குப் போயிருந்தாள். சித்தி வந்தாள். எட்டையும் இமையில் வைத்தாள். ஒன்றையே இரண்டு மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். கடைசியில் மூன்று கோடு போட்டதையும் ஏழு கோடு போட்டதையும் தனியாக வைத்தாள். நான் வெயிலில் பிடித்தேன். மோதிரம். ஏழு கோட்டிலும் மோதிரம்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. இரண்டையும் எடுத்துக் கோழிக்கடியில் திரும்ப வைத்தாள். "கேட்டா உள்ளத சொல்லிடு கண்ணு" என்று எழுந்து போனாள்.

அத்தை விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். "இன்னாடி, பாத்தியா?"

"பாத்தேன் அத்த. எட்டும் உசுரோட கீது."

சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! அத்தை முகத்தில் சிரிப்பு வந்தது, என் நெற்றியில் விபூதி பூசினாள். சித்தி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். இன்னும் பதினோரு நாள் இருக்கிறதே, அதற்குள் சாமி அந்த இரண்டுக்கும் உயிர் கொடுக்காதா என்று எனக்கு ஒரு நப்பாசை. மிச்ச விபூதியை எடுத்துப்போய் மூன்று கோட்டிலும் ஏழு கோட்டிலும் பூசினேன். தினமும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மற்ற ஆறும் நாளுக்கு நாள் உள்ளே இருண்டுகொண்டு வந்தன. அந்த இரண்டிலும் மோதிரம் அசையாமல் இருந்தது.

பதினாலாம் நாள் அத்தை அடுப்புக்கரி எடுக்கக் கரி அறைக் கதவைத் திறந்தாள். நான் அவள் பின்னால் முறத்தோடு நின்றேன். உள்ளே சித்தி உட்கார்ந்திருந்தாள். ஓட்டை வழியாக இறங்கிய வெயில் அவள் முகத்தில் விழுந்தது. மூடிய இரண்டு கண்களின் மேலும் இரண்டு முட்டை. கையால் பிடித்துக்கொண்டு, முகத்தை அண்ணாந்து, உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் எனக்கு அவள் கண்ணே வெள்ளையாகப் பிதுங்கி நிற்பதாகத் தோன்றியது. சேவல் அவள் முழங்காலை ஒட்டி நின்று, சத்தமில்லாமல், எங்களைப் பார்த்தது.

அத்தை போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மீன்காரம்மா ஓடி வந்தாள். சித்தி மூன்று கோடும் ஏழு கோடும் போட்ட அந்த முட்டைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். 'இது ரெண்டும் பத்தாம் நாளே செத்துபோச்சு, கொழந்தையக் கேளுங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள். நான் முறத்தைப் பிடித்தபடி நின்றேன்.

இருபத்தோராம் நாள் விடியும்போதே உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று, சின்ன நகத்தால் கதவைத் தட்டுகிறாற்போல. வீடே கரி அறை வாசலில் நின்றது. மத்தியானத்துக்குள் ஆறு குஞ்சு வந்துவிட்டன. மூன்று கோடும் ஏழு கோடும் அப்படியே கிடந்தன. மறுநாள் காலை வரைக்கும் அத்தை பொறுத்தாள். பிறகு அந்த இரண்டையும் கிணற்றடிக்கு எடுத்துவரச் சொன்னாள். என்னையே உடைக்கச் சொன்னாள்.

உடைத்தேன். குடலைப் பிடுங்கும் நாற்றம். மஞ்சள் தண்ணீர்தான் ஓடியது. இறகு இல்லை, அலகு இல்லை, கால் இல்லை. ஒன்றுமே இல்லை.

அத்தை பின்னால் நகர்ந்தாள். அவளுக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "பத்தாம் நாளு உசுரு துடிச்சுகினு இருந்துச்சே! கொழந்த கண்ணால பாத்துச்சே! இப்ப உள்ள ஒண்ணுமே இல்லியே, எங்க போச்சு?" என்றாள். "கண்ணாலயே குடிச்சிட்டாடா, தம்பி. நாங்க பாத்தோம். நானும் பாத்தேன், உன் அண்ணன் பொண்ணும் பாத்தா."

'நான் பொய் சொன்னேன் அத்த.' நாலே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. அடி விழும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலி ஓட்டைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தானே மோதிரத்தைப் பார்த்தேன், எனக்கே சந்தேகம்! சித்தி தூண் பக்கம் நின்றாள். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தலைமுழுகிவிட்டுப் போகச் சொன்னாள் அத்தை. சித்தி கிணற்றடியில் உடுத்திய புடவையோடு குடம் குடமாக ஊற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்ட உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அவள் பின்னால் போனாள். ஆவணியில் சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. பெரம்பூர்ப் பெண், நல்லவள்தான், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சித்தி போன பிறகு, குஞ்சுகளை வளர்த்து முடித்த தாய்க்கோழி கிணற்றடியில் ஒரு பழக்கம் பிடித்தது. அவள் முட்டை புதைத்த இடத்தில் வெறும் மண்ணின் மேல் இறகை விரித்து அடை உட்கார்ந்துகொள்ளும். தூக்கிக் கூண்டில் விட்டால் மறுபடி நழுவிப் போய் அங்கேயே உட்காரும். நாள் கணக்கில் அப்படிக் கிடந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கப் போவதென்றால் அம்மாகூட யாரையாவது துணைக்குக் கூப்பிடுவாள்.

அந்த ஆறு குஞ்சுகளில் இரண்டு நெட்டைக்கால், குழம்புக்குப் போயின. மிச்ச நான்கில் சித்தப்பா ஆசைப்பட்ட ஜோடி அமைந்தது. எப்படிப்பட்ட ஜோடி! தை மாதம் கண்காட்சிக்கு முதல் நாள் இரண்டையும் பூந்திக்கொட்டை நுரையில் குளிப்பாட்டி, வெயிலில் காயவைத்து, கொண்டையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, வேப்பங்குச்சியால் நக இடுக்கு அழுக்கு எடுத்தோம். என் மடியைத் தவிர வேறெங்கும் அவை அடங்காது என்பதால் என்னையும் அழைத்துப் போனார். டிராமில் எங்களைச் சுற்றி யாரும் உட்காரவில்லை.

வயதான துரை ஒருவர் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் சேவலை வெளியே எடுத்து மேஜையில் விட்டதும் அது வாலை நிமிர்த்தி நின்றது. அவர் கட்டைவிரலை அதன் நெஞ்சுக்கடியில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை, கால் அத்தனை குட்டை. சிரித்தார். கோப்பை எங்களுக்குத்தான். சித்தப்பா கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

கோப்பையைக் கொடுத்தபோது துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த குமாஸ்தா தமிழில் சொன்னார். "எட்டு முட்டை வெச்சா ரெண்டு பொரிக்காம போவுதான்னு துரை கேக்கறாரு."

சித்தப்பா முகம் வெளுத்துவிட்டது. "ஆமாங்க. அது எப்பிடி துரைக்குத் தெரியும்?"

"இந்த ஜாதியே அப்பிடித்தானாம். குட்டைக்காலோட குட்டைக்கால் சேத்தா நாலுல ஒண்ணு ஓட்டுக்குள்ளயே போயிடுமாம். துரை ஊர்லயும் அதே கதைதானாம். நெட்டைக்கால் குஞ்சு வருதுல்ல, அத ஒதுக்காம வளத்து குட்டைச் சேவலோட சேக்கச் சொல்றாரு. அப்புறம் அந்தச் சாவு கெடையாதாம்."

துரை அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். சித்தப்பா கோப்பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து டிராமிலிருந்து இறங்கும்போது, "வூட்டாண்ட சொல்லாத" என்றார்.

"எத சித்தப்பா?"

"துரை சொன்னத."

நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில்தான் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டதே.

வீட்டு வாசலில் காசிமேட்டு ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சித்தியின் அண்ணன். காகிதப் பொட்டலத்தில் கற்கண்டு. தங்கைக்கு ஆண் பிள்ளை பிறந்து பதினாறு நாள் ஆகிறது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், ஊரையே எழுப்பும்படி அழுகிறான் என்று சொன்னான். அத்தை விரலை மடக்கி மாதத்தை எண்ணினாள். எண்ணி முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "கேட்டேனே! வயித்துல கீதான்னு வாய் வுட்டுக் கேட்டேனே! ஏன் சொல்லல பாவி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெரம்பூர்ச் சித்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். சித்தப்பா கற்கண்டை வாங்கிக் கோப்பைக்குள் கொட்டி மாடத்தில் வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை. பல நாளைக்கு அந்தக் கோப்பையில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

அவள் ஏன் சொல்லவில்லை என்று அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஒரு பகல் வேளையில், சும்மா வயிற்றின் மேல் கை வைத்துப் படுத்திருந்தவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் புரிந்தது.

சித்தி கிளம்பிய அன்று நடந்த ஒன்றை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். தலைமுழுகிவிட்டு உள்ளே வந்தவள் என் கையைப் பிடித்துக் கரி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஈரப்புடவையிலிருந்து கரித்தரையில் தண்ணீர் சொட்டியது. என் வலது உள்ளங்கையை எடுத்துத் தன் அடிவயிற்றில், அந்த ஈரத்துணியின் மேல், அழுத்தி வைத்துக்கொண்டாள். எந்த முட்டையையும் இமையில் வைத்துப் பார்க்கிறவள், தன் வயிற்றை எப்படி வைத்துப் பார்ப்பாள்?

"உன் கை சுத்தமான கை கண்ணு. இத்தினி நாளா பாக்கறேன், எனுக்கு ஒண்ணும் தெரியமாட்டுது. நீ சொல்லு. சூடா கீதா, சில்லுனு கீதா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள் என்ன இருக்கும்? சோறு இருக்கும். ஒரு பொய் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது, இனிமேல் செத்தாலும் சித்தியிடம் நிஜத்தைத்தான் சொல்வது என்று காலையிலிருந்து சாமிக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அதனால் கையை நன்றாக அழுத்தி, கண்ணைக்கூட மூடிக்கொண்டு, கவனமாகப் பார்த்தேன்.

"சில்லுனு கீது சித்தி" என்றேன்.

அவள் கை என் கையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டாள். வராத முட்டையைத் தனியாக வைக்கும்போது தலையை ஆட்டுவாளே, அதேபோல ஆட்டினாள். கதவைத் திறந்தாள். வாசலில் அத்தை நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சித்தி அவளைக் கடந்துபோய் சித்தப்பாவின் பின்னால் இறங்கிவிட்டாள்.

புடவை ஈரம், அதனால் சில்லென்று இருக்கிறது என்று நான் முழுசாகச் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதில் எனக்கு அது தோன்றவில்லை.